தர்ஷனா கைவிட்ட ஆள்

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரக் காற்றில் குடை பிடிப்பது வீம்பு. தர்ஷனாவுக்கு வீம்பு கொஞ்சம் அதிகம்... பஸ் தரிப்பில் குடை புரண்டு, பக்கத்தில் நின்றவனின் தோளில் மொத்தென்று இடித்தது. திரும்பினான். பெரிய, கறுத்த, சிரிக்கும் கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி விழாமல் நின்றது.

"குடையாலை அடிக்கிறதுதான் உங்கடை வழக்கமோ?"

"தள்ளி நிண்டிருக்கலாம்தானே!"

பேச்சு டெனிஷில்தான், நாம் நம் தமிழில் கேட்டுக்கொள்வோம்.

தர்ஷனா வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆலோசகர். அரை மணி கழித்து அவளுடைய மேசைக்கு முன்னால் அதே கண்கள்! பெயர் அல்ஃபா கமாரா. சியரா லியோனில் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவன். இங்கே அலுவலகங்களில் தரை கூட்டுகிறான். வழக்கப்படி துப்புரவுப் பயிற்சி ஒன்றைச் சொன்னாள்.

"கூட்டுறது குறைவான வேலையில்லை. ஆனா இந்தக் கை வெடிச் சத்தத்துக்குள்ளை காயம் கட்டின கை. அதை நினைச்சா நித்திரையே வாறேல்லை."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் அப்பா லோரன்ஸும் ஊரில் வாத்தியாராக இருந்து, இங்கே வந்து மீன் தொழிற்சாலையில் தேய்ந்தவர்தான். அவரை யார் கேட்டார்கள்? அன்றே மேலதிகாரியோடு மல்லுக்கட்டி, ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒரு பயிற்சி இடம் பிடித்தாள்.

பிறகு கிழமைதோறும் சந்திப்பு. அலுவல் முடிந்தாலும் கதை முடியாது... தை மாதத்தில் அவன் நாட்டில் போர் முடிந்த செய்தி வந்தது.

"ஊரிலை உடனை தாதி வேலை கிடைக்கும். இங்கையெண்டா இன்னும் மொழிச் சோதனை எடுக்கவேணும்... போகட்டோ, தர்ஷனா?"

போகாதே என்று நெஞ்சு கத்தியது. ஆனால் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னால் அது ஆலோசனையா, ஆசையா?

அடுத்த கிழமை அவன் வந்ததும், பக்கத்து மேசையைக் காட்டினாள். "இனி உங்கடை அலுவலை மாக்கிரட் பாத்துக்கொள்ளுவா."

அவன் முகம் இறுகியது. "நீங்களும் கைவிட்டிட்டியளோ? பரவாயில்லை. நான் ஒருத்தரையும் கெஞ்சிறேல்லை."

விறுவிறுவென்று மழைக்குள் இறங்கிவிட்டான். தர்ஷனா கோட்டும் போடாமல் பின்னால் ஓடினாள்.

"நில்லுங்கோ! தான் விரும்பிற ஆளின்ரை அலுவலை ஒரு உத்தியோகக்காரி பாக்கக்கூடாது. அதுதான் முறை!"

"ஆரை விரும்பிறது?"

"உங்களைத்தான்... இப்ப ஆலோசகரா இல்லை, தர்ஷனாவாக் கேக்கிறன். போகாதேங்கோ."

மழை இருவர் முகத்திலும் வழிந்தது. அவன் கண்கள் கலங்கி, பிறகு சிரித்தன.

"உங்களை விட்டிட்டுப் போக எனக்கும் மனமில்லை. ஆனா ஒண்டு... சோதனை பாஸ் பண்ணி, தாதி உடுப்போடைதான் உங்கடை வீட்டுக்கு வருவன்."

"கூட்டுற உடுப்போடை வந்தாலும் கதவைத் திறந்து, இவர்தான் என்ரை ஆள் எண்டு தலைநிமிர்ந்து சொல்லுவன்!"