ஏழாவது அடி

டக்!

வெண்டைக்காயின் நுனி சுத்தமாக ஒடிந்தது. பிஞ்சென்றால் இதல்லவா பிஞ்சு... காஞ்சனா சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தாள். டக்! மூன்றாவதில் கை வைத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது வித்துப்போன வெண்டைக்காய்ங்க..."

திரும்பினாள். மழைக்கு அவள் ஒதுங்கியிருந்த இடம், திகாம் பத்து ஊரின் கடைவரிசையில் பூட்டிக் கிடந்த ஒரு முடிவெட்டும் கடையின் வாசல். நாலு கடை தள்ளினால் அவள் அப்பா சீனிவாசகத்தின் மளிகைக்கடை. அவள் ஒதுங்கிய வாசல் நிறைய நீலக் கூடைகள். கூடைகளுக்கு நடுவே அவன். நெற்றி முடியிலிருந்து இறங்கிய மழைத்துளி ஒன்று அவன் இமையில் தொங்கிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. அந்தக் கண்களைப் பார்த்தால்... துளியின் தயக்கம் நியாயம்தான்.

"வித்துப்போச்சா? யாருக்கு?"

"பாப்பம்மா அக்காவுக்கு. ரெண்டு உடைச்சிட்டீங்க. பரவால்ல லா, எப்படியும் சாம்பாருக்குப் போறதுதானே."

பாப்பம்மா அவளுக்குப் பக்கத்து வீடு. வெட்கம் வந்தால் வாய் நீளும் சாதி காஞ்சனா.

"உடைச்சுப் பாக்காம எந்தப் பைத்தியம் வெண்டைக்காய் வாங்கும்?"

"என்கிட்ட இருபத்து நாலு பைத்தியம் வாங்குது," என்று சிரித்தான்.

பெயர் தினேஸ்வரன். சுங்கை பட்டாணியில் எட்டு வருஷம் தொழிற்சாலை வேலை; அதை விட்டுவிட்டு புக்கிட் செலம்பாவில் ரெண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். பன்னிரண்டு வாரத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிப் பங்கு சேர வேண்டும். சனிக்கிழமைதோறும் ஒரு கூடை வரும். உள்ளே என்ன இருக்கும்? தோட்டம் என்ன கொடுக்கிறதோ, அது.

"மழை அடிச்சு அழிஞ்சுபோனா?"

"உங்களுக்கும் கம்மி, எனக்கும் கம்மி."

"லாபத்துல பங்கு கேள்விப்பட்டிருக்கேன்... இதென்னங்க மழையில பங்கு?"

"அட, நல்லா இருக்கே! போர்டுல எழுதிப்போடலாமா?"

சிரிப்பை உதட்டுக்குள் பூட்டினாள். "சரி, கடைசி விலை சொல்லுங்க."

"முதல் விலையும் அதுதாங்க. புதுப் பருவத்துக்கு ஒரே ஒரு கூடை மிச்சம். அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் லிஸ்டை மூடிடுவேன்."

சீனிவாசகம் வீட்டார் இதுவரை பேரம் பேசாமல் வாங்கியது காய்ச்சல் ஒன்றுதான். காஞ்சனா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். பிடித்த பொருளைப் பிடிக்காததுபோல் விட்டுவிட்டு நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏழாவது அடிக்குள் கடைக்காரன் கூப்பிடுவான். பாசார் சந்தையில் அவளுக்கு ஆறாவது அடியைத் தாண்டிய அனுபவமே இல்லை.

நடந்தாள். கொட்டும் மழையில். நாலு... அஞ்சு... ஆறு...

கூப்பிடுவான்.

ஏழு... எட்டு... பன்னிரண்டு...

அப்பாவின் கடைக்குள் நனைந்த கோழியாக நுழைந்த பிறகுதான் எட்டிப் பார்த்தாள். அவன் கூடைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். வேண்டாம் என்றவளை வற்புறுத்தக் கூடாது என்று யாரோ அவனை வளர்த்திருக்கிறார்கள்! இப்படியும் ஒரு வியாபாரி...

அந்த வாரம் முழுக்க மழை ஓயவில்லை. காஞ்சனாவும் ஓயவில்லை. கூப்பிடாதவனிடம் தானாகப் போய் நிற்பதா? போனால் மானம் போகும். போகாவிட்டால் அந்தக் கூடை போகும்... கூடை மட்டும்தானா?

சனிக்கிழமை காலை அவன் வேன் வந்தது. அவள் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவன் கண்கள் இந்தக் கடைப்பக்கம் இரண்டு தடவை வந்து போயின. எண்ணவில்லை... ஆனால் இரண்டு தடவை.

வேன் போனதும் பாப்பம்மா வீட்டுக்கு ஓடினாள். கூடையில் ஒரு பூசணித்துண்டு, கொஞ்சம் முருங்கைக்கீரை, நாலு கத்தரிக்காய். மேலே கைப்பட எழுதிய ஒரு சீட்டு.

'வெண்டை முழுக்க அழுகிவிட்டது. மழை மேல் பழி இல்லை. வாய்க்காலை ஆழமாக வெட்டாதது என் தப்பு. இந்த வாரம் வெட்டுகிறேன். மன்னியுங்கள்.'

மூன்று முறை படித்தாள். இருபத்தேழு வருஷத்தில் எத்தனை வியாபாரிகளைப் பார்த்திருக்கிறாள்! சொத்தைக் கத்தரிக்காய்க்கு வெயிலைச் சொல்வார்கள், லாரியைச் சொல்வார்கள், வாங்கியவளின் கைராசியையே சொல்வார்கள். சரக்கோடு தன் தப்பையும் சேர்த்துக் கூடையில் வைத்துக் கொடுக்கிற ஆம்பளை...

"கூடை பாதி காலியா இருக்குன்னு கோவம் வரலியாக்கா?"

"வந்துச்சுதான். சீட்டைப் படிச்சேன், போயிருச்சு." பாப்பம்மா கண்ணைச் சிமிட்டினாள். "அந்தத் தம்பி உன் பேரு என்னன்னு கேட்டுச்சுடி. வெண்டைக்காய் உடைச்சவங்க பேராம்."

காஞ்சனா நேராக அப்பாவிடம் போய்க் கூடை விஷயத்தைச் சொன்னாள்.

"பாக்காத சரக்குக்கு முன்பணமா?" சீனிவாசகம் தராசிலிருந்து தலை தூக்கினார். "கடைக்காரன் மகளா நீ? நாலு பேரு சிரிப்பாங்க!"

"அம்மாவை எத்தனை தடவை பாத்துட்டுக் கட்டினீங்கப்பா?"

தராசு ஆடி நின்றது. உள்ளிருந்து அம்மா லக்ஷ்மியின் குரல் வந்தது. "எங்க ஊரு பாலிங்லேர்ந்து ஒரு போட்டோ போச்சு. அதுலயும் பூச்சரம் பாதி மூஞ்சிய மறைச்சிருந்துச்சு. ஏங்க, சரக்கு எப்படி?"

சீனிவாசகம் அவசரமாகப் பருப்பு நிறுத்தார். காஞ்சனா மோட்டோ பைக்கின் சாவியை எடுத்தாள்.

புக்கிட் செலம்பாவில் மழை சற்று இளைப்பாறியிருந்தது. முழங்கால் சேற்றில் நின்று அவன் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டி ஏறி இறங்கும் அழகை, வரப்பில் நின்று கொஞ்ச நேரம் இலவசமாகப் பார்த்தாள். சொன்னதைச் செய்கிறான்... யாரும் பார்க்காதபோதும்.

"அந்தக் கடைசிக் கூடை..."

அவன் நிமிர்ந்தான். மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. "இ... இருக்குங்க."

"வேற யாரும் கேக்கலியா?"

"மூணு பேரு கேட்டாங்க."

"ஏன் குடுக்கல?"

காது சிவந்தது அவனுக்கு. "அன்னைக்கு வெண்டைக்காயை உடைச்சீங்களே... அப்ப நீங்களா ஒரு சிரிப்பு சிரிச்சீங்க. ஃபேக்டரியில எட்டு வருஷம் என்னென்னமோ செஞ்சேங்க. என் கையால ஆனதைப் பாத்து யாரும் அப்படிச் சிரிச்சதில்ல. ஆனா நீங்க வேணாம்னு போயிட்டீங்க..."

"நான் எங்க வேணாம்னு சொன்னேன்? நடந்தேன்!"

"நடந்தா வேணாம்னுதானே அர்த்தம்?"

"அலாமாக்! கூப்பிடணும்னு அர்த்தம்! ஏழு அடிக்குள்ள கூப்பிடணும்! இதுகூடத் தெரியாம வியாபாரத்துக்கு வந்துட்டீங்க..."

அவன் சிரித்தான். தோட்டமே சிரித்தது. கேட்ட விலையை அப்படியே நீட்டினாள் காஞ்சனா, வாழ்க்கையில் முதல்முறை.

வாங்கிக்கொண்டவன் நகரவில்லை. "இன்னொண்ணு கேக்கணும்..."

"கேளுங்க."

"இல்ல... வேணாம்."

சொல்லிவிட்டு வரப்பில் நடந்தான். ஒன்று... இரண்டு... இவ்வளவு மெதுவாகவா ஒருத்தன் நடப்பான்? திருடன்! சொல்லிக்கொடுத்த வித்தையைச் சொன்னவளிடமே காட்டுகிறானே! ஏழு வரை பொறுக்க வேண்டும். பரம்பரைப் பெருமை. மூன்று...

"தினேஸ்!"

நின்றான். திரும்பாமலே கேட்டான். "இன்னும் நாலு அடி மிச்சம் இருக்கே?"

"தெரியும்..."

"பேரம் தெரிஞ்சவங்க பொறுத்திருக்கணுமே?"

"எனக்குப் பேரம் வேணாம்..." குரல் உடைந்தது, அவன் வெண்டைப் பிஞ்சைப் போலவே, சுத்தமாக. "நீங்கதான் வேணும்."

திரும்பினான். அந்தக் கண்களில் இப்போது துளி எதுவும் தயங்கவில்லை.

"அன்னைக்கு மழையில நீங்க நடந்தப்பவே எனக்கும்... கூப்பிடத்தான் தெரியல." மூச்சை இழுத்துவிட்டான். "உங்கப்பா ஒத்துக்குவாரா?"

"முதல்ல வேணாம்னுட்டு எழுந்து நடப்பாரு," என்றாள் காஞ்சனா. "ஏழு அடிக்குள்ள கூப்பிட்டுடுங்க."

மழை மறுபடி கொட்டத் தொடங்கியது. பத்தடியில் கொட்டகை இருந்தது. இரண்டு பேரும் ஒதுங்கவில்லை... மழையில் பங்கு சேர்ந்தாகிவிட்டதே!