ஐந்தாவது வளையம்

வரிசையில் கடைசியாக நடப்பவனைப் பின்னாலிருந்து யாரும் இழுக்க முடியாது. அதனால் இடுப்புக் கயிறு பின்பக்கமாக வெடுக்கென்று இழுபட்டபோது, கயிறு எங்கோ கல்லில் மாட்டிக்கொண்டது என்றுதான் அவன் நினைத்தான். திரும்பிப் பார்த்தான். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? முன்னாலும் மூடுபனி, பின்னாலும் மூடுபனி. ஊருக்கெல்லாம் கண் சோதித்துக் கண்ணாடி விற்கிறவனுக்கு, நீர்த்துளி கோத்த தன் கண்ணாடி வழியாகத் தன் கால்களே தெரியவில்லை.

கயிறு, கூட வந்த டிரைவர் நண்பனுடைய ஏற்பாடு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓட்டி, யாரும் இறங்கி ஓடிவிடக் கூடாதே என்ற கவலை அவனுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. மலை உச்சிக்கு ஐந்து பேர் போவதாகத் திட்டம் போட்டதால், ஒரே நீளக் கயிற்றில் ஐந்து வளையங்களை வீட்டிலேயே முடிந்து எடுத்து வந்திருந்தான். ஆளுக்கொரு வளையம், இடுப்பில் மாட்டி இறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். கிளம்புகிற அன்று காலையில், ஐந்தாவதாக வர வேண்டிய கேமராக்காரன், குழந்தைக்குக் காய்ச்சல் என்று நின்றுகொண்டான். ஐந்தாவது வளையத்தை அவிழ்க்க யாருக்குப் பொறுமை? அது கடைசியில் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

முன்னால் டிரைவர். அவனுக்குப் பின்னால் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பன். பள்ளி நாளிலிருந்தே அவனுக்கு மாத்திரை என்று பெயர். மூன்றாவது வளையத்தில் மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. நான்காவது அவன்.

பனி கண்ணை மறைத்தால் கயிறுதான் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். இரண்டு இழுப்பு என்றால் 'நான் நன்றாக இருக்கிறேன், வா.' மைத்துனனுக்கு எதிலும் ஒரு குறும்பு வேண்டும். இரண்டு இழுத்துவிட்டுக் கயிற்றைச் சின்னதாக ஓர் ஆட்டு ஆட்டுவான். "அது என் கையெழுத்து மாமா," என்று காலையில் சிரித்தான்.

பெற்றோர் போன பிறகு அந்தப் பையனைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவன் மனைவி. வாசலில் அவள் தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. கணவனின் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டு, "எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே கூட்டிட்டு வரணும். அவன் இல்லாம நீங்க மட்டும் வந்து நிக்காதீங்க," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் ஜிப்பை விட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மதியம் ஒரு பாறைக் கூரைக்கடியில் வளையங்களைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். அவன் கத்தியை எடுத்து ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தான். கடைசித் துண்டு முடிவதற்குள் மூடுபனி கீழிருந்து ஏறி வந்து எல்லோரையும் மூடிவிட்டது. கைக்கு அகப்பட்ட கயிற்றைத் தடவித் தடவி அவன் தன் வளையத்தைத் தேடி மாட்டிக்கொண்டான். மைத்துனன் அப்போது குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் மாட்டியாச்சா?" என்று டிரைவர் கத்தினான்.

"ஆச்சு," என்றான் மாத்திரை. "ஆச்சு," என்றான் அவன். "ஆச்சு மாமா," என்றது பனிக்குள்ளிருந்து மைத்துனனின் குரல்.

அதற்குப் பிறகுதான் இந்த ஒற்றையடிப் பாதை வந்தது. இடப்பக்கம் தோளை உரசும் ஈரப் பாறை, வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. ஓர் ஆள் நடக்கத்தான் இடம். நின்ற இடத்தில் திரும்பக்கூட யோசிக்க வேண்டும்.

மறுபடியும் பின்னாலிருந்து இழுப்பு. இந்த முறை இரண்டு.

அவன் நின்றான். நனைந்த கம்பளியின் வாடையும் பாறைப் பாசியின் வாடையும் மூக்கில் ஏறின; காதுக்குள் தன் மூச்சே பெரிதாகக் கேட்டது; அதற்கு அப்பால், பின்னால், சரளைக் கல்லில் ஷூ மிதிபடும் சத்தம், நறுக் நறுக்கென்று நாலைந்து அடி வந்து, அவன் நின்றதைத் தெரிந்துகொண்டதுபோல் நின்றது. அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். பின்னாலும் ஓர் அடி.

"டேய், முன்னாடி இருக்கியா?" என்று மைத்துனனைக் கூப்பிட்டான். குரல் அவனுக்கே பிடிக்காத அளவுக்கு மெலிந்திருந்தது.

பதில் குரலில் வரவில்லை. முன்கயிறு இழுபட்டது. இரண்டு இழுப்பு. சின்னதாக ஓர் ஆட்டு.

அப்பாடா என்றிருந்தது. பையன் இருக்கிறான். பின்னால் வந்தது எதிரொலியாக இருக்கும். பாறை சத்தத்தைத் திருப்பி அடிக்கும் என்று எங்கோ படித்திருக்கிறான். கயிற்றை மட்டும் யார் இழுத்தார்கள் என்ற கேள்வியை அவன் யோசிக்காமல் ஒதுக்கிவிட்டு வேகமாக நடந்தான்.

"மாமா."

பின்னாலிருந்து.

"மாமா, மெதுவா போங்க. எதுவும் தெரியல."

அதே குரல். 'மாமா' என்பதை இழுத்துச் சொல்லும் அதே செல்லம். ஆனால் பையன் முன்னால் இருக்கிறான். இந்தப் பாதையில் ஒருவனைத் தாண்டி இன்னொருவன் பின்னால் போக முடியாது. அவனைத் தாண்டி யாரும் போகவில்லை.

"யாரு நீ?"

"என்ன மாமா விளையாடுறீங்க? நான்தான்."

அவன் ஓடினான். ஓட முடிகிற பாதை இல்லை. பாறையில் தோளைத் தேய்த்துக்கொண்டு, கால் இடற, ஓடினான். பின்னால் ஷூ சத்தமும் ஓடியது. "மாமா, இழுக்காதீங்க! விழுந்துடுவேன்!" முன்கயிறு நிதானமாக இழுத்தது. இரண்டு. ஓர் ஆட்டு. வா.

சரளை சரிந்தது.

பின்கயிறு அறைந்ததுபோல் இழுக்க, அவன் முகம் குப்புற விழுந்தான். கண்ணாடி எங்கோ போனது. கால் முதலில், பிறகு முட்டி, பாதையின் ஓரத்துக்கு இழுபட்டது. நீட்டியிருந்த ஒரு பாறைமுனையை இடக்கையால் கட்டிக்கொண்டான். இடுப்பில் முடிச்சு குடலை அறுத்தது. ஓர் ஆளின் பாரம். முழு ஆளின் பாரம்.

"கால் போயிடுச்சு மாமா! தொங்குறேன்! பிடிங்க!"

"டிரைவர்! டேய் மாத்திரை!" என்று அலறினான். காற்று அதைக் கீழே கொண்டுபோய்விட்டது.

"மாமா, அக்காவ நெனச்சாவது விட்டுடாதீங்க..."

அக்கா. அதற்கு அக்காவைத் தெரிந்திருக்கிறது. எதைச் சொன்னால் அவன் உருகுவான் என்று தெரிந்திருக்கிறது. அந்த ஒரு சொல்தான் அவனைத் தீர்மானிக்க வைத்தது. இப்படியே இருந்தால் அவன் விழுவான், முன்னால் அவனோடு கட்டியிருக்கும் பையனும் விழுவான். எப்படிக் கூட்டிப் போனானோ அப்படியே கூட்டி வர வேண்டும்.

வலக்கை பாக்கெட்டுக்குள் போனது. கத்தியில் இன்னும் ஆப்பிள் வாசனை.

"மாமா? என்ன பண்றீங்க?"

அறுத்தான். ஒரு புரி. இன்னொரு புரி.

"மாமா, வேண்டாம். மாமா—"

பாரம் போனது.

அலறல் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, கீழே எங்கோ, ஒரே ஒரு சத்தம். மரத்துப்போன விரல்களிலிருந்து கத்தியும் நழுவிக் கீழே போனது. அவன் பாறைமேல் கன்னத்தை வைத்துக் குழந்தைபோல் அழுதான். பயம் விட்ட அழுகை.

"முடிஞ்சுதுடா," என்று முன்பக்கம் பார்த்துச் சொன்னான். "போயிடுச்சு. வா, வீட்டுக்குப் போயிடலாம். உங்கக்கா காத்துக்கிட்டிருப்பா."

இரண்டு இழுப்பு. ஓர் ஆட்டு.

எழுந்தான். பையனை ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும் என்றிருந்தது. முன்கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுருட்டிக்கொண்டே நடந்தான். காற்று திரும்பியது. மூடுபனி ஒரு பக்கமாக விலகி, கண்ணாடி இல்லாமலே பாதை மங்கலாகத் தெரிந்தது.

தூரத்தில் டிரைவரின் தொப்பி. அதற்குக் கீழே மாத்திரையின் நீலப் பை, அசைந்து அசைந்து ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாத்திரைக்கும் அவனுக்கும் நடுவே மூன்றாவது வளையம்.

அதற்குள் யாரும் இல்லை.

வளையம் தரையில் கிடக்கவில்லை. இடுப்பு உயரத்தில், ஓர் இடுப்பின் அகலத்துக்கு விரிந்து, நடக்கிற ஆளின் இடுப்பைப்போல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. காலடிச் சத்தமே இல்லை. முன்னாலிருந்து காலடிச் சத்தம் எப்போதுமே கேட்டதில்லை.

குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தான் பையன். அவசரத்தில், கைக்கு அகப்பட்டதை மாட்டியிருப்பான். கடைசியில் கிடந்ததை.

"ஐயோ," என்றான்.

விரல்கள் இடுப்பு முடிச்சுக்குப் போயின. அந்தப் பாரம் இழுத்த இழுப்பில் முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் ஏறவில்லை. பல்லுக்கு எட்டவில்லை. கத்தி கீழே, பையனோடு.

மேலே நீலப் பை, அறுந்த கயிற்றின் நுனியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, பனிக்குள் மறைந்தது.

வளையம் நின்றது.

மெதுவாக, யாரோ கூப்பிட்டதுபோல், அவன் பக்கம் திரும்பியது. பிறகு இறங்கி வரத் தொடங்கியது. இரண்டு பேருக்கும் நடுவே தொங்கிய கயிறு, ஒரு கை சுற்றிச் சேர்ப்பதுபோல், வெறும் காற்றில் சுருள் சுருளாகச் சேர்ந்துகொண்டே வந்தது.