தெருவில் போன படகு

சிறுமி நெகாவால் காலையில் எழுந்து பார்த்தபோது, வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாயைக் காணோம்.

போரில் ஜெயித்த ஸ்பானியர்கள், ஏரி நடுவே இருந்த தெனோச்தித்லான் நகரத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். குதிரைகள் போக அவர்களுக்குத் தெரு வேண்டும். அதனால் நேற்று கால்வாயின் ஒரு பக்கத்தைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடினார்கள். இன்று விடியும்போதே மறுபக்கத்தையும் மூடிவிட்டார்கள்.

நடுவில் குட்டை அளவு தண்ணீர் மிச்சம். அதில் அவர்களுடைய படகு நின்றது. சந்தைக்குப் போகவேண்டிய தக்காளியும் பூசணியும் அதில் நிறைந்திருந்தன.

அப்பா போரிலிருந்து திரும்பவில்லை. ஏரித் தோட்டத்துக்குப் போக அந்தப் படகுதான் வழி. அம்மாவும் நெகாவாலும் இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை.

மதியம் கல் சுமக்கும் ஆட்கள் ஓய்வாக உட்கார்ந்தார்கள். காய்ந்த சோளத்தை வாயில் போட்டு மென்றார்கள்.

"அம்மா, அவங்களுக்குத் தக்காளி குடுக்கலாமா?"

"அவங்களுக்கா? சால்கோ ஊர்க்காரங்கடி! போர்ல ஸ்பானியனோட சேர்ந்து நம்மள அடிச்சவங்க."

"இப்ப பசிக்குதேம்மா அவங்களுக்கு."

"இது சந்தைக்குப் போற காய்!"

"எங்கம்மா போகுது? இங்கயேதான நிக்குது!"

அம்மா அடுப்பை மூட்டினாள். ரொட்டி சுட உட்கார்ந்தாள்.

நெகாவால் கூடை கூடையாகத் தக்காளி கொண்டுபோய்க் கொடுத்தாள். பூசணியைச் சுட்டுத் தின்றார்கள். சூடான ரொட்டியும் வந்தது. மாசாத் என்ற தலையாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"பாப்பா, அந்தப் படகு உங்களுதா?"

"ஆமா மாமா. அடுத்த தெருக் கால்வாயில இன்னும் தண்ணி இருக்கு."

"இதைவிடப் பெரிய கல்லெல்லாம் தூக்கியாச்சு. வாங்கடா!"

இருபது பேர் படகைத் தோளில் ஏற்றிப் பாடிக்கொண்டே நடந்தார்கள். எதிரே ஸ்பானியக் கண்காணி குதிரையில் வந்தான். அவனுக்கு அவர்கள் மொழி கொஞ்சம் தெரியும்.

"என்ன இது? கல் எங்கே?"

பாட்டு நின்றது. கண்காணியின் கையில் சாட்டை இருந்தது. மாசாத் தலை குனிந்தான்.

நெகாவால் முன்னால் வந்தாள். "ஐயா, அந்தக் குட்டையையும் மூடணும்ல? படகை எடுத்தாத்தான கல்லைக் கொட்ட முடியும்?"

கண்காணி குட்டையைப் பார்த்தான், படகைப் பார்த்தான். "சரி, சீக்கிரம்!" என்றான்.

தெரு குறுகல். அவன்தான் குதிரையைப் பின்னுக்கு நகர்த்தி வழிவிட வேண்டியிருந்தது.

அடுத்த கால்வாயில் படகு தொப்பென்று இறங்கியது. அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு தக்காளிகூட இல்லை.

"இப்ப சந்தைக்கு என்னத்தடி கொண்டுபோறது?"

"தோட்டத்துக்குப் போய்ப் பறிச்சிக்கலாம்மா. ஏறு!"

அம்மா ஏறி உட்கார்ந்தாள். நெகாவால் துடுப்பை எடுத்தாள்.