காற்றின் கனம்

குப்பைமேட்டில் எரிந்த நெருப்பின் புகை மேலே போகவில்லை. ஆள் உயரம் எழும்பி, எதையோ மறந்துவிட்டதுபோல் நின்று, மடங்கி, தரையோடு தரையாக ஊர்ந்து வானிலை நிலையத்தின் வேலிக்குள் நுழைந்தது. அளவீட்டாளராக அங்கே இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்குக் காரணம் தெரியும். காற்றழுத்தம் கூடினால் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், இலை அசையாது, புகையும் தூசியும் கீழேயே தங்கிவிடும். ஊர் நல்ல வெயில் என்று துணி காயப்போடும். மூச்சிரைப்புக்காரர்கள் பாடு திண்டாட்டம்.

அவள் கணவர் மூச்சிரைப்புக்காரர். அதனால்தான் மதியமே, நிலையத்தை ஒட்டிய வீட்டில் அவரை விட்டுவிட்டு, கதவு ஜன்னல் இடுக்கில் எல்லாம் புகை புகாதபடி டேப் ஒட்டிவிட்டு வந்திருந்தாள்.

"என்னை டப்பாவுல போட்டு அடைச்சுட்டுப் போறியா?" என்று சிரித்தார்.

"பேசாம படுங்க. சாயங்காலம் திறக்கிறேன்."

மாலையில் அழுத்தமானியைப் பார்த்தாள். பாதரசம் கடைசிக் கோட்டைத் தாண்டியிருந்தது. மேலதிகாரிக்குப் போன் செய்தாள்.

"கருவியில கோளாறா இருக்கும்மா. லேசா தட்டிப் பாருங்க."

தட்டினாள். இன்னும் ஏறியது.

காது அடைத்தது. வெளியே காகங்கள் இறக்கையை விரித்தபடி தரையில் ஒட்டிக் கிடந்தன. கண்கள் மட்டும் உருண்டன. யாரோ அவள் தோளில் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்துவதுபோல் இருந்தது. வீட்டுக்கு ஓடப் பார்த்தாள். நடக்கத்தான் முடிந்தது. பிறகு தவழத்தான் முடிந்தது.

ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வளைந்திருந்தது. அதற்குப் பின்னால் அவர் கட்டிலில் உட்கார்ந்து நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெளியே கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய கனம். அவளை இன்னும் தவழ விட்டிருந்த கனம். டேப் வெளியே தடுத்து நிறுத்தியிருந்த அது, உள்ளே ஒரேயடியாக இறங்கினால்?

அவர் நிமிர்ந்தார். முற்றத்தில் தவழும் மனைவியைப் பார்த்தார். பதறி எழுந்தார்.

வேண்டாம். திறக்காதீங்க.

உதடு அசைந்தது. குரல் வரவில்லை. கையைத் தூக்கிக் காட்ட முயன்றாள். கை எழவில்லை.

கதவருகே அவர் குரல். "இரும்மா. இதோ வந்துட்டேன்."

டேப் கிழியும் சத்தம். தாழ்ப்பாள்.

கதவு உள்ளே பாய்ந்தது. அவர் விழவில்லை, படிந்தார். சட்டை விலா எலும்புகளுக்கு நடுவே இறங்கியது. வாசற்படியில், அவளைத் தூக்கிவிட நீட்டிய கை. அவள் கண்ணெதிரே. விரல் விரலாக, மெல்ல, தட்டையாகிக்கொண்டிருந்தது.