நாலாம் அறையின் ஆணி

"கொழுவினவர், சேர். தொப்பியை ஆணியில கொழுவிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போனவர். நான் என்ர கண்ணால கண்டனான்."

"நீங்க அவரோட வொய்ஃப், பேர்ள். வேற எப்படிச் சொல்வீங்க?"

சுதர்சன் நிமிரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழுப்புக் கம்பளித் தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தான். லிட்கம் புறநகரில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் அந்தக் குளிர்கிடங்கு, நூறு வருடங்களுக்கு முன் ஆட்டிறைச்சியை உறையவைத்து லண்டனுக்குக் கப்பலேற்றிய கம்பெனியுடையது. இப்போது அங்கே பட்டாணியும் பரோட்டாவும்தான் உறைந்து கிடக்கின்றன. கம்பெனியின் பழங்கதையைக் கண்காட்சியாக வைக்கும் வேலை மேலாளர் சுதர்சனுக்கு. ஞாயிற்றுக்கிழமையாதலால் வேறு ஈ காக்கை இல்லை. அதே கிடங்கில் பெட்டி அடுக்கும் பேர்ள், பூசை முடிந்த கையோடு அவனைத் தேடி வந்திருந்தாள்.

மறுநாள் பரமட்டாவில் விபத்து விசாரணை. குளிர்காலத் தொடக்கத்தில் அவள் கணவன் நிஷான் நாலாம் அறைக்குள் நிற்கும்போது சுதர்சன் கதவைச் சாத்திவிட்டான். உள்ளிருந்து திறக்கும் பொத்தான் அன்று பழுது. நிஷானின் உயிர் மிஞ்சியது. வலக்கையில் மூன்று விரல்கள் மிஞ்சவில்லை.

அந்தக் கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் தன் தொப்பியை வெளியே ஆணியில் மாட்ட வேண்டும். தொப்பி தொங்கினால் எவரும் கதவைத் தொடக்கூடாது. அன்று ஆணி வெறுமையாக இருந்தது என்று சுதர்சன் சாதித்தான். பிழை முழுவதும் நிஷான் தலையில் விழுந்தது. நிஷானின் நீலத் தொப்பியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

"நாளைக்கு உண்மையை மட்டும் சொல்லுங்கோ, சேர். வேற ஒண்டும் கேக்கேல்லை."

"அதையேதான் சொல்லப்போறேன்."

பேர்ள் பெட்டிக்குள் பார்த்தாள். "இது எங்கை எடுத்தனீங்கள்?"

"நாலாம் ரூம் சுவர்ல. குளிர் வெளிய போகாம இருக்க ஒட்டின பழைய தக்கையை உரிச்சப்போ உள்ள சொருகியிருந்துச்சு. அந்தக் காலத்துல ஒருத்தன் ஸ்ட்ரைக்குக்கு ஆள் சேர்த்திருக்கான். ஒருநாள் உள்ளயே உறைஞ்சு செத்துட்டான். ஆணியில தொப்பியே இல்லைன்னு மேஸ்திரி சத்தியம் பண்ணானாம். நல்ல கதை இல்ல?"

"அப்ப தொப்பி தானா நடந்துபோய்ச் சுவருக்குள்ள ஏறினதோ?"

சுதர்சனின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சிரித்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"வாங்க. கிடைச்ச இடத்துலயே ஒரு போட்டோ எடுக்கணும். எடுத்துக் குடுங்க."

நாலாம் அறையின் கனத்த கதவை இழுத்துத் திறந்தான். தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, அவள் முகத்துக்கு நேரே ஒருமுறை ஆட்டிக் காட்டி, ஆணியில் மாட்டினான்.

"பாத்துக்கங்க, மாட்டிட்டேன். எனக்கும் நீங்கதான் சாட்சி."

கைபேசியை அவளிடம் கொடுத்தான். செத்தவனின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"துரை மாதிரி இருக்கேனா?"

பேர்ள் வாசலிலேயே நின்றாள். உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. ஆட்டுக்கொழுப்பின் வாடை, ஈரச் சாக்கும் பழைய ரத்தமும் கலந்த வாடை. பட்டாணிப் பெட்டிகளைத் தவிர அந்த அறையில் எதுவும் இருந்ததில்லை. குளிர் தரையோடு ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைப் பிடித்தது.

அவள் கைபேசியை உயர்த்தினாள். திரையில் சுதர்சனின் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக எழுந்தது.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்தும் ஒரு மூச்சு எழுந்தது.

"சேர், வெளியில வாங்கோ."

கதவு நகர்ந்தது. யாரோ மிக நிதானமாக, அவசரமே இல்லாமல், சாத்துவதுபோல. பேர்ள் தோளைக் கொடுத்துத் தடுத்தாள். அது அவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய் மூடியது.

ஆணியைப் பார்த்தாள்.

வெறும் ஆணி.

உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம். "பேர்ள்! பட்டன் வேலை செய்யல. தெறங்க!"

அவள் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தாள். மறுபடியும் இழுத்தாள். அசையவில்லை.

"தொப்பி தலைய விட்டு வரமாட்டேங்குது, பேர்ள்..."

தட்டும் சத்தம் இரண்டானது. ஒன்று பதறியது. மற்றது அதற்கும் கீழே, தரைக்குப் பக்கத்தில், நின்று நின்று கேட்டது. வெகுகாலமாகத் தட்டிக்கொண்டே இருக்கும் ஒருவன் தட்டுவதுபோல.

"நான்தான்!" சுதர்சன் அலறினான். "நிஷான் தொப்பிய நான்தான் எடுத்தேன்! தக்கைக்குப் பின்னாலதான் வச்சேன்! சொல்லிட்டேன், போதுமா?"

அவள் தினமும் வேண்டிக் கேட்ட சொற்கள். கேட்ட பிறகும் அவள் கைப்பிடியை விடவில்லை.

தட்டல் இரண்டும் நின்றன.

பேர்ளின் கன்னத்தில் ஏதோ குளிர்ந்து உரசியது. திரும்பினாள். ஆணியில் ஒரு தொப்பி தொங்கியது. நீலம். பனி படிந்து விறைத்திருந்தது. உள்விளிம்பில், அவளே நிஷானுக்காகத் தைத்த சின்னச் சிலுவை.

கதவின் மறுபக்கத்திலிருந்து சுதர்சனின் குரல் வந்தது. பல் கிட்டித்த, மிக மெல்லிய குரல்.

"பேர்ள்... இவர் கேக்கறார். நான் தொப்பிய மாட்டிட்டுத்தானே வந்தேன்? நீங்க பாத்தீங்கல்ல? ஆணியில என் தொப்பி இருக்குன்னு இவர்கிட்ட சொல்லுங்க."