பின்சீட்டில் அவள் உட்கார்ந்தால்

செவ்வாய், மார்ச் 11. நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. சத்தம் இடது பின்சக்கரத்தின் பேரிங்கில் என்று எழுதிவிட்டேன். கழற்றிப் பார்க்காமலே எழுதினேன். இன்று கழற்றினேன். பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது. சத்தம் எங்கே என்று தெரியாது.

எழுதி முடித்தவன், 'தெரியாது' என்ற சொல்லுக்கு முன்னால் 'இன்னும்' என்று செருகினான். மாலை வகுப்பில் அவனுக்கு 'மறுபடி' என்று பட்டப்பெயர். ஒரு நட்டை முடுக்கினால் கையைத் துடைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன். மறுபடி வந்து தொட்டுப் பார்ப்பான். மெக்கானிக் வேலை சொல்லித்தரும் அந்த வகுப்பில், கண்ணால் பார்த்ததை மட்டும் தினமும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். நினைப்பதை எழுதாதே என்பது அங்கே சட்டம். அதனால்தான் அவன் நினைத்ததெல்லாம் எழுதப்படாமல் நெஞ்சிலேயே கிடந்தது.

வண்டி அவனுடையது அல்ல. முன்பக்கம் மோட்டார் சைக்கிள் மாதிரி ஒற்றைச் சக்கரம், பின்னால் அகலமாக இரண்டு சக்கரம், ஓட்டுபவருக்குப் பின்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரும் சீட்டு. கறுப்பு நிறம். மனைவியோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தது. அவளுடைய முதல் கணவன் ஆசைப்பட்டு வாங்கியது. அவன் செத்ததும் அதன்மேல்தான். ஒரு மலை வளைவில் ஓரமாக நிறுத்தியிருக்கிறான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கை ஹேண்டில்பாரில் இருந்தது, இதயம் மட்டும் நின்றுபோயிற்று. ஏதோ யோசிக்கிறார் போலிருக்கிறது என்று அவள் பின்னால் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாளாம்.

அவள் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டும் நர்ஸ். சரளைக்கல் பாதையில் சறுக்காமல் போக இந்த வண்டியை விட்டால் வேறு கதியில்லை. அதை விற்ற கம்பெனியின் கடையோ இரண்டு நாள் பயணத்துக்கு அப்பால். போன் செய்தபோது, வண்டியைக் கொண்டுவாங்க பார்க்கலாம் என்றார்கள். கொண்டுவர முடிந்தால் நான் எதற்குப் போன் செய்கிறேன் என்று இவன் கேட்டான். அதுவும் சரிதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

கல்யாணமாகி ஆறு மாதம். இன்னமும் அந்த ஹேண்டில்பாருக்கு இவன் கை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. சீட்டில் வேறொருவன் உடம்பின் பள்ளம் இருந்தது; அதில் இவன் கொட்டாங்கச்சியில் போட்ட புளியங்கொட்டை மாதிரி ஆடினான். காலையில் கண்ணாடியைத் தன் உயரத்துக்கு இறக்கி வைப்பான். மத்தியானத்துக்குள் அது நெட்டையான ஒருவனின் கண்ணுக்குத் தோதாக ஏறியிருக்கும். நட்டு லூஸ் என்று சொல்லிக்கொண்டான்.

இதையெல்லாம்விட ஒன்று அவனைக் குடைந்தது. செத்தவன் பேச்சு வந்தால் அவள் 'அவரு' என்பாள். இவனை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். இவனைவிட அவள் ஒரு வயது மூத்தவள், அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் வலித்தது.

சத்தம் ஒரு நட்டிலோ ஸ்பிரிங்கிலோ இருந்துவிட்டால் போதும். வண்டி வெறும் வண்டியாகிவிடும். பின்னால் உட்காருகிறவள் முழுசாகத் தன் மனைவியாகிவிடுவாள். அவன் தேடியது அதைத்தான்.

சத்தம் இப்படி: டக். ஒரு சின்ன இடைவெளி. டக் டக்.

புதன்கிழமை முறைப்படி தொடங்கினான். தனியாக ஓட்டினான். சத்தமில்லை. அவள் எடைக்கு மணல் மூட்டை கட்டி ஓட்டினான். இல்லை. செயினைத் தளர்த்தியும் முடுக்கியும் ஓட்டினான். அப்போதும் இல்லை. கடைசியில் மச்சானைக் கூப்பிட்டுப் பின்சீட்டில் ஏற்றினான். அவளுடைய அண்ணன், சும்மா இருக்க மாட்டார்.

"ஏன் மாப்ள, மணல் மூட்டைக்கு அடுத்தது நானா? ஆள் கிடைக்கலைன்னா எருமையை ஏத்துவே போல."

ஊரைச் சுற்றி வந்தார்கள். மச்சானின் வாயைத் தவிர வண்டியில் வேறு சத்தமே இல்லை.

நாலு மணிக்கு மருந்துப் பையோடு அவள் ஏறி, வழக்கம்போல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனை திரும்புவதற்குள் கேட்டது.

டக்.

டக் டக்.

அந்த நொடியில் அவன் தோள் லேசானது. அவள் கையை எடுத்திருந்தாள். முன்பும் இப்படித்தானோ என்று யோசித்தான். ஆமாம், ஒவ்வொரு முறையும். வண்டியை நிறுத்தாமல், மறுபடி தோளைப் பிடி என்றான். பிடித்தாள். தட்டியது. சீட்டோரக் கம்பியைப் பிடி என்றான். பிடித்தாள். அமைதி. திரும்பவும் தோள். திரும்பவும் தட்டல்.

வண்டியை ஓரம் கட்டி, சத்தம் கேட்டதும் ஏன் கையை எடுக்கிறாய் என்று கேட்டான்.

"பழக்கம். வளைவு வந்தா அவரு டேங்கில விரலை மடக்கித் தட்டுவாரு. ஒண்ணு, அப்புறம் ரெண்டு. கையை எடு, பக்கத்துக் கம்பியைப் பிடின்னு அர்த்தம். காத்துல பேச்சு கேக்காதில்ல."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ வண்டியைப் பத்தித்தான் கேட்டே. அவரைப் பத்திக் கேக்கலையே."

அன்று இரவு அவன் குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை. பார்த்ததை எழுதலாம். பொறாமையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வியாழன் மாலை வகுப்புக்குப் போகாமல் கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தி அவளைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னான். என்ஜின் அணைந்து ஆறிப்போயிருந்தது. பெட்ரோலும் பழைய கிரீஸும் கலந்த வாசனை. தகரக் கூரையில் வெயில் இறங்கும் முறுமுறுப்பு. அவன் நீளமான திருப்புளியை எடுத்தான். அதன் முனையை இரும்பில் வைத்துக் கைப்பிடியைக் காதில் அழுத்தினால், உள்ளே ஒரு பல்சக்கரம் தேய்வதுகூடக் கேட்கும். வகுப்பில் முதல் நாளே சொல்லித்தந்த வித்தை.

"தோள்ல கையை வை," என்றான்.

வைத்தாள்.

முனையை ஆக்சிலில் வைத்தான். ஒன்றுமில்லை. என்ஜினில் வைத்தான். ஒன்றுமில்லை. முன் ஃபோர்க்கிலும் ஒன்றுமில்லை.

டேங்கில் வைத்தான்.

டக்.

கைப்பிடி வழியாக அது காதுக்குள் வந்து விழுந்தது. இரும்பு இரும்பில் மோதும் சத்தமல்ல. எலும்பு. மேலே தோல் போர்த்திய எலும்பு.

டக் டக்.

அவனுக்குள் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. அவ்வளவு நிதானம் அந்தத் தட்டலில். தன் பொருளை வேறொருவன் கையில் பார்த்தவன், சத்தம் போடாமல், வை கீழே என்று சொல்கிற நிதானம். இரத்தம் தலைக்கேறியது. திருப்புளியைக் கீழே போட்டான். விரலை மடக்கி அதே டேங்கில், அதே இடத்தில் தட்டினான்.

ஒன்று. பிறகு இரண்டு.

நீ கையை எடு என்று, செத்தவனுக்கு.

கூரையின் முறுமுறுப்புக்கூட நின்றுவிட்டது.

காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. வண்டியை வெளியே எடுத்தான். அவள் அசையாமல் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பினார்கள். சரளையில் குலுங்கியபோதும், வளைவில் சாய்ந்தபோதும் ஒரு தட்டல் இல்லை. வழியெல்லாம் தோளில் கை இருந்தது. முன்னெப்போதையும்விட அழுத்தமாக, விரல் விரலாகப் பதிந்து இருந்தது. ஆறு மாதத்தில் முதல்முறையாக அவன் வாய்க்குள்ளேயே ஒரு பாட்டை முனகினான். ஜெயித்தாயிற்று.

வீட்டு வாசலில் என்ஜினை அணைத்தான். இறங்காமல், பின்னால் திரும்பாமல், இன்றைக்கு நல்ல இறுக்கமாகப் பிடித்திருந்தாய் என்றான். குரலில் வெட்கம் கலந்த பெருமை.

"நான் எங்க பிடிச்சேன்? நீதானே டேங்கில தட்டினே. தட்டினதுமே கையை எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"ரெண்டு கையும் கம்பியிலதான். போயிட்டு வர்ற வரைக்கும்."

அவன் திரும்பிப் பார்த்தான். அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் கம்பியின் துரு, கோடாகப் படிந்திருந்தது. அவள் எப்போதும் சீட்டின் நடுவில்தான் உட்காருவாள். இப்போது ஓர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தாள். விட்டிருக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்த மாதிரி இல்லை.

தோளில் அழுத்தம் இன்னும் குறையவில்லை.

அவன் இறங்கினான். அதுவும் இறங்கியது. முகம் கழுவினான், சட்டையை மாற்றினான். சட்டைக்குக் கீழேயும் அது அப்படியே இருந்தது. சமையலறையில் அவள் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள். அவன் முகத்தைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டாள். அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். தம்ளரை வாங்காமல், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

தோள்பட்டை எலும்பின்மேல் ஒரு விரல் மடங்கியது.

டக்.

டக் டக்.

அவன் கையை எடுத்துவிட்டான்.

வியாழன், மார்ச் 13. வண்டியில் சத்தம் நின்றுவிட்டது. வண்டியில் குறை எதுவும் இல்லை. வலது தோளில் எடை இருக்கிறது, எழுதும்போதும் இருக்கிறது. நாளைய வேலை: வண்டியை எடுக்காமல் வகுப்புக்கு நடந்து போக வேண்டும். வீட்டைவிட்டுத் தூரம் போகப் போக எடை குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால், எவ்வளவு தூரத்தில் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.