சிக்ரித் பால் காய்ச்சிய வீடு

முற்பகல் சங்கு ஊதுவதற்கு முன்பே சிக்ரித் என்னை அழைத்துவிடுவாள். ஒருநாள் எறும்பு, ஒருநாள் தேங்காய் உடைக்கத் தெரியவில்லை. அன்று பல்லி. சமையலறையில் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். பல்லி யாரையும் கடித்துத் தின்றதில்லை என்று பலமுறை சொல்லியாயிற்று. விளக்குமாற்றால் அதை ஜன்னல் வழியே தள்ளிவிட்டேன்.

“மிக்க நன்றி, பிரம்மசக்தி அம்மா. தேநீர் அருந்துகிறீர்களா?” என்றாள். காதில் மாட்டிய மொழிக்கருவியிடம் கற்ற தமிழ். பாடப்புத்தகம் பேசுவது போலவே இருக்கும்.

நான் பதில் சொல்வதற்குள் வீட்டை நடத்தும் இயந்திர மூளையான வீட்டுமதி கூரையிலிருந்து குரல் கொடுத்தது. “விருந்தினரே, கதவு பூட்டும் நேரம் நெருங்குகிறது.” அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது மண் சுமந்தவள் நான். என்னைத்தான் விருந்தினர் என்கிறது. தேநீரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று வெளியே வந்தேன்.

தூத்துக்குடியில் இப்போது முற்பகல் சங்குக்கும் மாலைச் சங்குக்கும் இடையில் யாரும் தெருவில் நிற்க முடியாது. நின்றால் சுருண்டு விழ வேண்டியதுதான். அந்த நேரத்தில் குளிர்வீடுகளெல்லாம் பூட்டிக்கொள்ளும்; அதற்கு உச்சிப்பூட்டு என்று பெயர். ஒவ்வொரு வீட்டுக்கும் அளந்துதான் குளிர்ப்பங்கு. என் வீட்டுக்கு இரண்டு பேருக்கான பங்கு, எனக்கும் என் மகள் சுயம்புகனிக்கும். மற்றவர்களுக்குப் பழைய உப்புக் கிடங்கில் பொதுக் குளிர்க்கூடம் இருக்கிறது. அங்கே ஆயிரம் பேர் வியர்வையை ஒருவர்மேல் ஒருவர் துடைத்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருப்பார்கள்.

வடக்கே கடல் உறைந்துபோனதிலிருந்து நார்வேக்காரர்கள் இங்கே வீடு தேடி வருகிறார்கள். அவர்களை யாரும் அகதி என்பதில்லை. அது நம் ஆட்கள் அங்கே போனபோது அவர்கள் நமக்கு வைத்த பெயர். இவர்கள் ‘வெளிநாட்டுக் குடித்தனக்காரர்கள்’. வாடகையை முன்கூட்டியே கொட்டிக் கொடுப்பார்கள். குளிர்வீடு கட்டத் தெரிந்த எங்களுக்கு அதை ஓட்ட வக்கில்லை. அதனால் கொடுத்தோம்.

என் திட்டம் தப்பில்லை. கனி கல்யாணமாகிக் கோவில்பட்டிக்குப் போனபிறகு அவள் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் நார்வேயிலிருந்து வந்த சிக்ரித் தங்கட்டும், என் இடத்தில் நான் இருந்துகொள்கிறேன் என்று பத்து வருஷத்துக்குப் பேசி முடித்தோம். தரகர் படித்துப் படித்துச் சொன்னார், அவள் பெயரைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேறெதுவும் செய்யாதீர்கள் என்று. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கடல் தாண்டி வந்த பெண், வெறும் வீட்டில் எப்படிக் குடியேறுவாள்? நல்ல நேரம் பார்த்து, பொட்டு வைத்துவிட்டு, என் அடுப்பில் அவள் கையாலேயே பால் காய்ச்ச வைத்தேன். பால் பொங்கியபோது குலவைகூடப் போட்டேன்.

வீட்டுமதியை எழுதியவர்கள் நம் மதுரைப் பிள்ளைகள். நம் வழக்கத்தையெல்லாம் அதற்கு ஊட்டி வைத்திருந்தார்கள். ஒருத்தி பால் காய்ச்சினால் அவள் குடிபுகுந்துவிட்டாள், பழைய குடி போய்விட்டது என்று பொருள். அடுத்த நிமிடமே என் பெயரை அடித்துவிட்டது; பேசிய பத்து வருஷம் முடியும்வரை அதை மாற்றாதாம். நோயாளியும் பிரசவக்காரியும் அவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களும் தவிர வேறு விருந்தினர் பூட்டு நேரத்தில் உள்ளே இருக்க முடியாதாம். மீதி ஓர் இடம் சிக்ரித் குடும்பத்துக்குப் போய்விட்டது. அதைக் கப்பலுக்குக் காத்திருக்கும் அவள் புருஷனுக்கென்று வைத்துக்கொண்டாள். என்னிடம் ஆயிரம் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பால் விசிறிக்கொள்ள முடியுமா? முன்பணமோ கனியின் கல்யாணக் கடனில் கரைந்திருந்தது. நான் மாடியில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டேன், பகலில் உப்புக் கிடங்கு.

தலைப்பிரசவத்துக்குக் கனி தாய்வீடு வந்தாள். வந்து பார்த்தால் தாய்க்கே வீடில்லை. ஆஸ்பத்திரியிலும் குளிர்க்கட்டில் கிடைக்கவில்லை. சிக்ரித்தான், உள்ளே வரட்டும் என்றாள். பொய் சொல்லக் கூடாது, முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள். உச்சிப்பூட்டு நேரத்தில் வலி கண்டது. உள்ளே கனியோடு சிக்ரித்தும் மருத்துவச்சியும். நான் கிடங்கில், யாரோ ஒருத்தியின் முழங்கையில் சாய்ந்தபடி. மாலைச் சங்குக்குப் பிறகு ஓடிப்போய்ப் பார்த்தால் ஆண் பிள்ளை. சிக்ரித் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

வெளியிலிருந்து வருகிறவன் விருந்தாளி, வீட்டுக்குள் பிறந்தவன் வீட்டுப் பிள்ளை. அதையும் நம் பிள்ளைகள்தான் எழுதிவைத்திருந்தார்கள். காலியாக இருந்த இடத்தை வீட்டுமதி என் பேரனுக்குக் கொடுத்துவிட்டது. சிக்ரித்தின் புருஷன் இனி வர முடியாது.

பிரசவ அனுமதி முடிந்ததும் கனியை வீடு வெளியே அனுப்பியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோடு கிடங்குக்கு வந்தாள். இரண்டாம் நாளே பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். மூன்றாம் நாள் வெட்டு வந்து கைகால் இழுத்தது. மறுநாள் காலையில் சங்குக்கு முன்பு கனி அவனைக் கொண்டுபோய் சிக்ரித்தின் கையில் கொடுத்தாள். திரும்பி வந்தவளை நான் வாசலில் மறித்தேன்.

“யாருட்டி அவ? ஒம் பிள்ளைய எவகிட்டயோ குடுத்துட்டு நிக்க?”

“பின்ன என்னம்மா செய்யச் சொல்லுத? எங்கையில இருந்தா செத்துப்போவான்.”

அவள் கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. உள்ளே போய் சிக்ரித்திடம், வீட்டைக் காலி செய்துவிடு என்று கேட்டேவிட்டேன். அவள் என் பேரனின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“நான் எங்கே போவேன், அம்மா? என் ஊரில் தரையே தெரியவில்லை. என் கணவரையும் விட்டுவிட்டேன். எனக்கு இப்போது இவன் மட்டும்தான் இருக்கிறான்.”

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கனி கோவில்பட்டிக்குத் திரும்பிப் போகவில்லை. புருஷன் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். தினமும் மாலைச் சங்கு ஊதியதும் நாங்கள் இருவரும் வாசலில் நிற்போம். பிள்ளையை வாங்கி மாடிக்குக் கொண்டுபோவோம். தகரத்தின் வெக்கையில் அவன் வீறிட்டு அழுவான். கனி விசிறி விசிறிக் கை ஓய்ந்து, கடைசியில் கீழே கொண்டுபோய் விடுவாள். பிறகு மாடிக்குக் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டாள். வாசல் நிழலில் நின்று பார்த்துவிட்டு வருவதோடு சரி.

சிக்ரித் அவனை நன்றாகத்தான் வளர்க்கிறாள். கையால் சோறு ஊட்டுகிறாள், நெற்றியில் பொட்டு வைக்கிறாள். பல்லியைக் கண்டால் அவனுக்குப் பயமில்லை. வீட்டுமதியிடம் கேட்டுக் கேட்டு நம் பழக்கவழக்கம் எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

நேற்று சங்கு ஊதிக் கதவு திறந்தது. வெக்கை முகத்தில் அடித்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். இப்போதுதான் தளர்நடை போடுகிறான். கனி குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“விருந்தினர் வந்திருக்கிறார்கள்” என்றது வீடு.

அவன் எங்களை நிமிர்ந்து பார்த்தான். பிறகு திரும்பி, தத்தித் தத்திச் சமையலறைக்குப் போனான். சிறிய எவர்சில்வர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் சிந்தியபடி வந்தான். தன்னைப் பெற்றவளிடம் நீட்டினான்.

“வாங்க” என்றான்.

தண்ணீர் சில்லென்று இருந்திருக்க வேண்டும், தம்ளரின் வெளிப்புறமெல்லாம் வேர்த்திருந்தது. கனி அதை வாங்கிக் குடித்தாள்.